பிறவிக்குணம்: ஒரே வார்த்தை, நாலு விதமான பேச்சு

பிறந்த குழந்தைக்கு இதயத்துல ஓட்டைன்னு டாக்டர் சொன்ன உடனே நம்ம வீடுகள்ல முதல்ல வர்ற கேள்வி "இது யார் சைடு?"ங்கிறதுதான். அம்மா வீட்டுப் பக்கமா அப்பா வீட்டுப் பக்கமான்னு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். டாக்டர் சொன்னது 'பிறவிக் கோளாறு'ன்னு மட்டும்தான், பரம்பரைன்னு அவர் வாயே திறக்கலை, ஆனா கேட்டவங்க காதுல அது பரம்பரைன்னுதான் விழுந்திருக்கு.

இதே குழப்பம் நியூஸ்லயும் வருது. ஏதோ ஒரு ஜீனுக்கும் கோபத்துக்கும் தொடர்பு இருக்குன்னு ஒரு ஆராய்ச்சி வந்தா, தமிழ்ல தலைப்பு "கோபம் பிறவிக்குணமே"ன்னு ஆயிடும், அதைப் படிச்சவங்க "அப்போ மாத்தவே முடியாதுன்னு சயின்ஸே சொல்லிடுச்சு"ன்னு ஷேர் பண்ணுவாங்க. ஆராய்ச்சி சொன்னது ஒண்ணு, தலைப்பு சொன்னது இன்னொண்ணு, ஷேர் பண்ணவங்க புரிஞ்சுக்கிட்டது மூணாவது. மூணையும் ஒட்டி வைக்கிற பசை 'பிறவி'ங்கிற வார்த்தை. அதனால அந்த வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கலாம்.

வார்த்தையைப் பிரிச்சா

பிறவி + குணம். சேரும்போது நடுவுல 'க்' வரும், பிறவிக்குணம். பிறவிக் கலைஞன், பிறவிப் பயன், பிறவிப் பெருங்கடல் எல்லாம் இதே கணக்கு.

'பிறவி'க்கு ரெண்டு அர்த்தம் உண்டு. ஒண்ணு பிறப்புங்கிற நிகழ்ச்சி, அதாவது பிறந்த அந்த நேரம். இன்னொண்ணு ஒரு முழு வாழ்க்கை, "இந்தப் பிறவியில எனக்குக் கொடுத்து வைக்கலை"ன்னு சொல்றோமே, அது. முதல் அர்த்தத்துல பிறவிக்குணம்னா பிறக்கும்போதே இருந்த குணம். ரெண்டாவது அர்த்தத்தை எடுத்தா இந்தப் பிறவிக்குன்னு அமைஞ்ச குணம், அதாவது போன பிறவியோட கணக்கு. மறுபிறப்பை நம்புற மரபுல இது பெரிய வித்தியாசம். ஒரு பிறவியில கத்துக்கிட்ட கல்வி ஏழு பிறவிக்கும் துணையா வரும்னு குறள் சொல்லுது (398). இந்தக் கணக்குப்படி பிறவியிலேயே அறிவாளியா இருக்கிறவன் போன தடவை உக்கார்ந்து படிச்சவன். அப்போ பிறவிக்குணம்ங்கிறதே பழைய பழக்கம்தான், உழைப்பு எங்கயோ நடந்துருக்கு, நாம பார்க்கலை, அவ்வளவுதான்.

'குணம்' வடமொழியில இருந்து வந்தது, அங்க அதுக்கு இழை, நாண்ங்கிற அர்த்தமும் உண்டு. தமிழ்ல அது மூணு வேலை பார்க்குது. தன்மைங்கிற பொது அர்த்தம். நல்ல தன்மைங்கிற அர்த்தம், "குணமான பொண்ணு"ன்னா நல்ல பொண்ணுன்னுதான் அர்த்தம், "குணம்நாடிக் குற்றமும் நாடி"ன்னு குறள்லயும் குணத்துக்கு எதிர்ப்பதம் குற்றம். மூணாவது நோய் தீர்றது, "காய்ச்சல் குணமாயிடுச்சு". ஆக அந்தப் பொது அர்த்தத்தை விட்டா, நல்லது, சரியாகுறதுன்னு மத்த ரெண்டும் பாசிட்டிவ்தான். ஆனா முன்னாடி 'பிறவி'யை ஒட்டி பேச்சுல சொல்லிப் பாருங்க, "அது அவன் பிறவிக்குணம்". இதைப் பெரும்பாலும் யாரும் பாராட்டா சொல்றதில்ல. பாராட்டணும்னா பிறவி மேதை, பிறவிக் கலைஞன்னு ஆளோட சேர்த்துச் சொல்றோம், திட்டணும்னா குணத்தோட சேர்த்து பிறவிக்குணம், ஜென்ம புத்தின்னு சொல்றோம். இப்படி ரெண்டாப் பிரிச்சு வைக்கணும்னு யாரும் ரூல் போடலை, புழக்கத்துல அப்படி அமைஞ்சிடுச்சு.

பக்கத்துல இருக்கிற வார்த்தைகள்

இதே வேலையைப் பாதி பாதியா செய்ற வார்த்தைகள் நிறைய இருக்கு. எல்லாத்தையும் ஒரே அர்த்தம்னு நினைச்சுப் போட்டுடுறோம், ஆனா இல்ல.

1. இயல்பு. எப்படி இருக்கோ அப்படி. பிறப்புலயே வந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல. அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம் நாலும் குறையாம இருக்கிறது வேந்தனுக்கு இயல்புன்னு குறள் (382) சொல்லும்போது, ராஜாவா இருக்கிறவன்கிட்ட இருக்க வேண்டியதுங்கிற அர்த்தம் அதுல இருக்கு.

2. சுபாவம். ஸ்வ + பாவம், தன்னோட இருப்பு. இன்னைக்குப் பேச்சுல மனசோட போக்கு, டெம்பர். "சாது சுபாவம்"னு சொல்றோம், சாகுற வரைக்கும் அப்படியேதான் இருப்பார்னு நாம அடிச்சுச் சொல்றதில்ல.

3. சகஜம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ். ஸஹ + ஜ, 'கூடவே பிறந்தது'. எழுத்துக்கு எழுத்து பிறவிக்குணம்ங்கிற வார்த்தை இதுதான். ஜோசியத்துல மூணாம் வீட்டை சகஜ ஸ்தானம்னு சொல்றதும் அதனாலதான், அது உடன்பிறப்பைக் காட்டுற வீடு. தமிழ்ல பேச்சுவழக்குக்கு வந்ததும் கூடவே பிறந்ததுங்கிறது தேய்ஞ்சு, சாதாரணம், எங்கயும் நடக்கிறதுதான்னு ஆயிடுச்சு. "பஸ் லேட்டா வர்றது சகஜம்", "அவர்கிட்ட சகஜமா பேசலாம்". எதுவும் கூடப் பிறக்கலை, அடிக்கடி நடக்குது அல்லது தயக்கம் இல்லை, அவ்வளவுதான். கூடப் பிறந்ததுங்கிற அர்த்தத்துல இருந்து எல்லார்கிட்டயும் பார்க்கிறதுங்கிற அர்த்தத்துக்கு ஒரு வார்த்தை எவ்வளவு சுலபமா வழுக்கும்னு பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

4. பண்பு. பண்படுத்துறது, பண்பட்ட நிலம் இதோட பக்கத்துல நிக்கிற வார்த்தை. இலக்கணத்துல வெறும் தன்மைதான் (பண்புப்பெயர்), பேச்சுல நல்ல நடத்தை.

5. பழக்கம். செஞ்சு செஞ்சு வந்தது. பிறவிக்குணத்துக்கு நேர் எதிர்க்கட்சி.

பழமொழிகள்ல ஒரு வேடிக்கை இருக்கு. ஜென்ம புத்தியைச் செருப்பால அடிச்சாலும் போகாதுங்கிறோம், அது பிறவி பத்தினது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்ங்கிறோம், அது பழக்கம் பத்தினது, பிறந்த பிறகு வந்தது, ஆனா அதுவும் போகாதாம். மாறாததுக்கு பிறவிதான் காரணமா இருக்கணும்னு நம்ம பாட்டிங்க நினைக்கலைன்னு இதுல தெரியுது.

வெண்பா எங்க கோடு போடுது

'பிறவிக்குணம்'ங்கிற சொல் தமிழ்ல ரொம்பப் பேருக்கு மனப்பாடமா இருக்கிறது ஔவையார் பேர்ல வழங்குற ஒரு தனிப்பாட்டு வழியா:

சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்
வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் - நித்தம்
நடையும் நடைப்பழக்கம் நட்பும் தகையும்
கொடையும் பிறவிக் குணம்

('தகையும்'ங்கிற இடத்துல 'தயையும்'னும் பாடம் உண்டு.)

முதல் அடியையும் ரெண்டாவதையும்தான் ஸ்கூல் பேச்சுப்போட்டியில எடுத்து விடுவாங்க, கடைசியை யாரும் கவனிக்கிறதில்ல. கவனிச்சா தெரியும், இந்தப் பாட்டு போடுற கோடு நாம இன்னைக்குப் போடுறதுக்குத் தலைகீழ். ஓவியம், மொழி, படிப்பு, நடை இதெல்லாம் பழக்கம்ங்குது. நட்பு, தகை, கொடை, இது மூணுதான் பிறவிக்குணமாம். நாம என்ன பண்றோம்? படம் வரையுறவரைப் பிறவி ஓவியன்ங்கிறோம், பாடுறவங்களுக்குப் பிறவி ஞானம்ங்கிறோம், கணக்கு வரலைன்னா "அவனுக்கு மண்டையில ஏறாது, பிறவியே அப்படி"ங்கிறோம். ஆனா அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற குணத்தை மட்டும் வீட்டுல சொல்லிக்கொடுத்து வளர்க்கணும், நீதிபோதனை வகுப்பு வைக்கணும்னு பேசுறோம். திறமை பிறவி, நல்ல குணம் பயிற்சி, இது நம்ம கணக்கு. அந்தப் பாட்டோட கணக்கு திறமை பயிற்சி, நல்ல குணம் பிறவி.

எது சரின்னு இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல (திறமை விஷயத்துல பாட்டு பக்கம் நியாயம் அதிகம்னு எனக்குத் தோணும், கொடை விஷயத்துல சந்தேகம்தான்). கவனிக்க வேண்டியது, எது பிறவின்னு போடுற லிஸ்ட் காலத்துக்குக் காலம் மாறுது. அதே ஔவையார் பேர்ல இருக்கிற மூதுரையில "குலத்தளவே ஆகுமாம் குணம்"னு இருக்கு, அது பிறவியைத் தாண்டி குலத்துக்கே போயிடுது. புறநானூறு 183ல பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரே குடியில பிறந்தவங்க பலர் இருந்தாலும் மூத்தவனைக் கூப்பிடாம அறிவுள்ளவன் வழியிலதான் அரசு போகும்ங்கிறான், ஒரே வயித்துல பிறந்தவங்ககிட்டயே தாயோட மனசு வேறுபடும்ங்கிறான். குறளோ பிறப்பு எல்லாருக்கும் ஒண்ணு, செய்ற தொழில்லதான் வித்தியாசம்ங்குது (972), அதே குறள்ல குடிமைன்னு ஒரு அதிகாரமும் இருக்கு. தமிழ் மரபு இதுல ஒரே குரல்ல பேசலை, அதனால "நம்ம முன்னோர்கள் அப்பவே சொன்னாங்க"ன்னு யாராவது ஒரு பாட்டை எடுத்து வீசினா, எதிர்ப்பக்கம் வீசவும் ஒரு பாட்டு ரெடியா இருக்கும்.

ஒரு வார்த்தைக்குள்ள நாலு பேச்சு

"இது பிறவிக்குணம்"னு ஒருத்தர் சொன்னா, கீழ இருக்கிற நாலுல ஒண்ணைச் சொல்றார். சிக்கல் என்னன்னா ஒண்ணை நிரூபிச்சுட்டு மத்த மூணையும் இலவசமா எடுத்துக்கிறோம்.

1. பிறக்கும்போதே இருந்துச்சு. இது நேரத்தைப் பத்தின பேச்சு.
2. அப்பா அம்மாகிட்ட இருந்து வந்துச்சு. இது வழியைப் பத்தினது.
3. மாத்த முடியாது. இது எதிர்காலத்தைப் பத்தினது.
4. இந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் உண்டு. இது இனத்தைப் பத்தினது.

நாலும் தனித்தனி. ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லாம இருக்கலாம்ங்கிறதுக்கு மருத்துவத்துல உதாரணம் ஏராளம், அதைப் பார்த்தா சட்டுன்னு பிடிபடும்.

பிறவி வேற, பரம்பரை வேற, மரபணு வேற

பிறவி நோய்னா பிறக்கும்போது இருக்கிறது, காரணம் எதுவா வேணா இருக்கலாம். மரபணு நோய்னா ஜீன்லயோ குரோமோசோம்லயோ ஏற்பட்ட மாற்றத்தால வர்றது. பரம்பரை நோய்னா அந்த மாற்றம் பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்குறது. இப்போ கேஸ்களைப் பார்க்கலாம்.

பிறவி, ஆனா மரபணு இல்ல: கர்ப்பத்தோட ஆரம்ப மாசங்கள்ல அம்மாவுக்கு ருபெல்லாங்கிற வைரஸ் காய்ச்சல் வந்தா குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். 1941ல ஆஸ்திரேலிய கண் டாக்டர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடிச்சார். ஜீன் மேல எந்தத் தப்பும் இல்ல, வைரஸோட வேலை, தடுப்பூசியால தடுக்கலாம். கர்ப்பிணிங்க குமட்டலுக்கு எடுத்துக்கிட்ட தாலிடோமைடு மாத்திரையும் இதே ரகம், 1957ல மேற்கு ஜெர்மனியில விற்பனைக்கு வந்து 1961ல வாபஸ் வாங்குறதுக்குள்ள பல நாடுகள்ல ஆயிரக்கணக்கான குழந்தைங்க கை கால் வளர்ச்சி இல்லாம பிறந்தாங்க.

மரபணு, பிறவி, ஆனா பெரும்பாலும் பரம்பரை இல்ல: டவுன் சிண்ட்ரோம். 21வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கும். சுமார் 95 சதவீதம் கேஸ்ல கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் பிரியுறதுல நடக்கிற பிசகுதான் காரணம், அது குடும்பத்துல ஓடுற விஷயம் இல்ல. ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியா பரம்பரை நோய்தான், ஆனா அதுலயும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கேஸ்ல குடும்பத்துல முன்னாடி யாருக்கும் இருந்திருக்காது, புதுசா வந்த மாற்றம்.

பரம்பரை, மரபணு, ஆனா பிறக்கும்போது ஒரு அறிகுறியும் இல்ல: மூளையில நரம்பு செல்கள் மெல்ல அழியுற ஹன்டிங்டன் நோய். ஜீன் முதல் நாள்ல இருந்தே உடம்புல இருக்கு, அறிகுறி பெரும்பாலும் 30 வயசுல இருந்து 50 வயசுக்குள்ள தலை காட்டும். 'பிறவியிலேயே நல்லாத்தானே இருந்தான்'ங்கிற பேச்சு இங்க எடுபடாது. நோயை விடுங்க, ஆம்பளைங்களுக்குத் தாடி முளைக்கிறதே அப்படித்தான், பிறக்கும்போது யாருக்கும் தாடி இல்ல, அதுக்காக அது கத்துக்கிட்ட பழக்கமா?

மரபணு, பிறவி, ஆனா சரி பண்ண முடியும்: ஃபீனைல்கீட்டோனூரியான்னு ஒரு குறைபாடு, சுருக்கமா பிகேயு. ஃபீனைல் அலனின்ங்கிற அமினோ அமிலத்தை உடம்பால உடைக்க முடியாது, அது ரத்தத்துல சேர்ந்து மூளையைப் பாதிக்கும். சுத்தமான மரபணு நோய், பெத்தவங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்றது. ஆனா பிறந்த சில நாள்ல குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடிச்சு, அந்த அமினோ அமிலம் கம்மியா இருக்கிற சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தா குழந்தை நல்லா வளரும். ஜீன் மாறலை, சாப்பாடு மாறுச்சு, ரிசல்ட் மாறிடுச்சு. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவா இருக்கிற குழந்தைக்கும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா இதே கதைதான்.

இப்போ ஆரம்பத்துல விட்ட இதய ஓட்டைக்கு வரலாம். பிறவி இதயக் கோளாறு உலக அளவுல 1000 குழந்தைக்கு 8, 9 பேருக்கு வருது. அதுல பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம்னு ஒத்தைக் காரணத்தைக் கை காட்ட முடியாது. சிலதுல குரோமோசோம், சிலதுல அம்மாவோட சர்க்கரை நோய் மாதிரி கர்ப்பகால விஷயங்கள், பலதுல நிறைய காரணம் கலந்தது. சொந்தத்துல கல்யாணம் பண்ணிருந்தா சில கோளாறுகளோட வாய்ப்பு கூடும்ங்கிறதும் உண்மைதான், ஆனா அது வாய்ப்பு பத்தின கணக்கு, "உன் வீட்டுல இருந்துதான் வந்துச்சு"ங்கிற தீர்ப்பு இல்ல. கோளாறு எதுவானாலும் பரம்பரையான்னு டாக்டர்கிட்ட தனிக் கேள்வியா கேட்கணும், 'பிறவி'ங்கிற வார்த்தையில அதுக்குப் பதில் கிடையாது.

பிறக்கிறதுக்கு முன்னாடியே கத்துக்கிட்டா?

நாலு பேச்சுல முதல் பேச்சு, அதாவது 'பிறக்கும்போதே இருந்துச்சு', இதுவாவது நேரான விஷயம்னு தோணும். இதுலயும் ஓட்டை இருக்கு.

பிறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைங்க அம்மா குரலைத் தனியா அடையாளம் கண்டுக்குதுன்னு 1980ல டிகேஸ்பர், ஃபைஃபர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. உறிஞ்சுற விதத்தை மாத்தினா அம்மா குரல் டேப்ல கேட்கும்னு வச்சா, குழந்தை அதுக்கு ஏத்த மாதிரி உறிஞ்சுது, வேற பொம்பளை குரலுக்கு அவ்வளவு ஆர்வம் காட்டலை. இது பிறவிக்குணமா? பிறக்கும்போதே இருக்கு. ஆனா வயித்துக்குள்ள இருந்து மாசக்கணக்கா கேட்டுக் கேட்டுப் பழகினது, அப்போ பழக்கம்.

வாத்துக்குஞ்சு இன்னும் சுவாரஸ்யம். முட்டையை இன்குபேட்டர்ல வச்சுப் பொரிச்சு, தாயோட சத்தத்தையே கேட்காம வளர்ந்த மல்லார்டு வாத்துக்குஞ்சு, கோழி கூப்பிடுற சத்தத்தையும் வாத்து கூப்பிடுற சத்தத்தையும் போட்டா வாத்து பக்கம்தான் போகும். பக்காவா பிறவிக்குணம்னு சொல்லத் தோணும்ல? அமெரிக்காவுல கில்பர்ட் காட்லிப்னு ஒருத்தர் விடலை, முட்டைக்குள்ள இருக்கும்போதே குஞ்சு லேசா சத்தம் போடுதே, தன் குரலையே கேட்டுப் பழகுதோன்னு சந்தேகப்பட்டு, குஞ்சுக்குக் குரலே வராத மாதிரி செஞ்சு தனியா வச்சுப் பொரிச்சுப் பார்த்தார். அந்தக் குஞ்சுகளுக்கு வாத்துக் குரல் எது கோழிக் குரல் எதுன்னு பிரிச்சுத் தெரியலை. ஓட்டுக்குள்ள இருக்கும்போதே ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்கு, வெளியில இருந்து பார்த்தவங்களுக்கு அது தெரியலை.

அபிமன்யு கதை நமக்குத் தெரிஞ்சதுதான், சுபத்திரை வயித்துல இருக்கும்போதே சக்கரவியூகத்தை உடைச்சு உள்ள போற வித்தையைக் கேட்டுக்கிட்டான், வெளிய வர்ற வழி கேட்கிறதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. அவன் வித்தை பிறவின்னு சொல்றதா, படிச்சதுன்னு சொல்றதா?

"80 சதவீதம் பரம்பரை"ன்னா என்ன?

நியூஸ்ல அடிக்கடி தப்பாப் போற இன்னொரு இடம் இது. உயரம் சுமார் 80 சதவீதம் மரபுவழின்னு படிச்சிருப்பீங்க. இதை "என் உயரத்துல 80 சதவீதம் ஜீன், 20 சதவீதம் சாப்பாடு"ன்னு புரிஞ்சுக்கிறோம். தப்பு. அந்த நம்பர் ஒரு ஆளைப் பத்தினதே இல்ல, ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தோட சேர்ந்து போகுதுங்கிறதுதான் அது. கூட்டமோ சூழ்நிலையோ மாறினா நம்பரும் மாறும்.

இது ஏன் முக்கியம்னா:

1. பங்கு அதிகமா இருந்தாலும் மாற்றம் வரலாம். தென் கொரியப் பெண்களோட சராசரி உயரம் சுமார் நூறு வருஷத்துல 20 செ.மீ. கூடிருக்கு. அங்க யாரோட ஜீனும் நூறு வருஷத்துல அப்படித் தலைகீழா மாறலை, சாப்பாடும் சுகாதாரமும்தான் மாறுச்சு.

2. பங்கு கம்மியா இருந்தாலும் அது உடம்போட அடிப்படை அமைப்பா இருக்கலாம். கையில அஞ்சு விரல் இருக்கிறது ஜீனோட வேலைதான். ஆனா ஊர்ல விரல் எண்ணிக்கையில வித்தியாசம் இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்குக் காரணம் மெஷின்ல மாட்டினது, வெடி விபத்து இந்த மாதிரிதான், அதனால கணக்குப் போட்டா மரபுவழிப் பங்கு ரொம்பக் கம்மியா வரும்.

3. ஜீனுக்கும் அந்த விஷயத்துக்கும் நேரடி சம்பந்தமே இல்லாம பங்கு எகிறலாம். ஜிமிக்கி போடுறவங்க பொம்பளைங்க, போடாதவங்க ஆம்பளைங்கன்னு இருக்கிற ஊர்ல ஜிமிக்கி போடுற வித்தியாசம் மொத்தமும் எக்ஸ், ஒய் குரோமோசோமோட ஒத்துப்போகும். ஜிமிக்கிக்கு ஜீன் இருக்கா என்ன?

பிறவியிலேயே இருந்தாலும் போகும்னு சொன்ன மரபு

கூடவே இருந்தது மாறாதுங்கிற எண்ணம் எல்லா மரபுலயும் இருக்குன்னு நினைச்சா, சைவ சித்தாந்தத்தைப் பார்க்கணும். அங்க ஆணவத்துக்கு சகசமலம்னு பேரு, மலம்னா உயிரைப் பிடிச்சிருக்கிற அழுக்கு, சகசம் நாம பார்த்த அதே சகஜம். உயிரோட அநாதியாவே ஒட்டியிருக்கிறது, நெல்லுக்கு உமி மாதிரி, செம்புல களிம்பு மாதிரின்னு உவமை சொல்வாங்க. இதைவிட ஆழமான பிறவிக்குணம் இருக்க முடியாது, பிறவிக்கே முன்னாடி இருந்து இருக்கு. ஆனாலும் அதோட பிடி விடும், விட்டாத்தான் முத்திங்கிறதுதான் மொத்த சித்தாந்தமே. நாலு பேச்சுல முதலாவதையும் மூணாவதையும் அவங்க தெளிவாப் பிரிச்சு வச்சுட்டாங்க.

நாலாவது பேச்சு சட்டமானப்போ

இதுவரைக்கும் வந்த குழப்பத்தால அதிகபட்சம் குடும்பச் சண்டை வரும். 'இந்தக் கூட்டத்துக்கே இது பிறவிக்குணம்'ங்கிற நாலாவது பேச்சு அப்படி இல்ல, அது இந்தியாவுல சட்டப் புஸ்தகத்துலயே ஏறிச்சு.

1871ல பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்துச்சு. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளின்னு சாதிவழித் தொழில் இருக்கிற மாதிரி திருட்டும் சில சாதிகளுக்குப் பரம்பரைத் தொழில்ங்கிறது அதுக்குப் பின்னாடி இருந்த எண்ணம். முதல்ல வட இந்தியாவுல, 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துலயும் வந்துச்சு. ஐரோப்பாவுலயும் இதே காற்றுதான், 1876ல இத்தாலியில சிசேர் லோம்ப்ரோஸோ மண்டை அளவு, தாடை அமைப்பு எல்லாம் பார்த்து பிறவியிலேயே குற்றவாளின்னு ஒரு ரகம் இருக்குன்னு புஸ்தகம் போட்டார். ஆனா இங்க நடந்ததுக்கு மண்டையைக்கூட அளக்க வேண்டியிருக்கலை, எந்தச் சாதியில பிறந்தாங்கிறதே போதும்.

தென் மாவட்டத்துல இதை ரேகைச் சட்டம்னு சொல்வாங்க. பட்டியல்ல வந்த சமூகத்துல பிறந்தவங்க கைரேகை பதியணும், ராத்திரியில போலீஸ்ல ஆஜர் கொடுக்கணும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்கணும். எதுவும் திருடியிருக்கணும்னு அவசியம் இல்ல. உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல ரேகை பதிய மாட்டோம்னு பிரமலைக் கள்ளர்கள் எதிர்த்தாங்க, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதுல மாயக்காள்ங்கிற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க.

இதுல இருக்கிற முரண்பாட்டைப் பாருங்க. குணம் ரத்தத்துலயே இருக்கு, மாறாதுன்னு சட்டம் போட்ட அதே அரசு, அதே சமூகத்துப் பிள்ளைங்களைத் திருத்துறோம்னு பள்ளிக்கூடமும் ஆரம்பிச்சுச்சு. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இன்னைக்கும் நடக்குது. மாறாதுன்னா பள்ளிக்கூடம் எதுக்கு, மாறும்னா பிறந்த குழந்தையில இருந்து பட்டியல் எதுக்கு?

சென்னை மாகாணத்துல 1947லயும் நாடு முழுக்க 1952லயும் சட்டம் ரத்தாச்சு. அப்படி விடுவிக்கப்பட்டவங்களுக்குத்தான் இங்க சீர்மரபினர்னு பேரு. அந்த இடத்துக்கு மாகாணங்கள்ல வந்த சட்டங்களோட பேரைக் கவனிக்கணும், வழக்கமாகக் குற்றம் செய்வோர் பத்தின சட்டம். 'பிறவி' போய் 'பழக்கம்' வந்துச்சு, வெண்பாவுல இருக்கிற அதே ரெண்டு வார்த்தை. நடைமுறையில பழைய பட்டியல் ஆளுங்களையே புதுச் சட்டமும் தேடிப் போச்சுங்கிற புகார் இன்னைய வரைக்கும் இருக்கு, ஆனா தாள்லயாவது ஒருத்தன் செஞ்சதுக்குத்தான் அவன் மேல கேஸ், பிறந்ததுக்கு இல்லன்னு ஆச்சு.

இன்சூரன்ஸ் பத்திரத்துல

இன்னைக்கு இந்த வார்த்தைங்க நேரடியா காசாகுற இடம் மெடிக்கல் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐயோட விதிப்படி பிறவிக் கோளாறுன்னா பிறந்ததுல இருந்து இருக்கிற, உருவம், அமைப்பு, அமைவிடம் இதுல வழக்கத்துக்கு மாறான நிலை. பரம்பரை, ஜீன் எதுவும் அந்த விளக்கத்துல வராது, நேரம் மட்டும்தான். அதை ரெண்டாப் பிரிக்கிறாங்க: வெளியில தெரியுற உறுப்புல இருந்தா வெளிப்புறம் (உதட்டுப் பிளவு மாதிரி), இல்லைன்னா உட்புறம் (இதய ஓட்டை மாதிரி). நிறைய பாலிசியில வெளிப்புறம் கிடையாதுன்னு போட்டுட்டு உட்புறத்துக்குக் காத்திருப்புக் காலம் வச்சுக் கொடுப்பாங்க, அதனால பத்திரத்துல 'பிறவி'ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல எந்தப் புறம்னு போட்டிருக்குங்கிறதைத்தான் முதல்ல பார்க்கணும்.

'மரபணு நோய்'ங்கிறது வேற வரி. மரபணுக் கோளாறுன்னு பொத்தாம் பொதுவா எழுதி மொத்தத்தையும் ஒதுக்குறது பாரபட்சம்னு 2018 பிப்ரவரியில டெல்லி ஹைகோர்ட் சொல்லுச்சு. அந்த வழக்குல இருந்தது இதயத்தசை தடிச்சுப்போற நோய், அது பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான் வெளிய தெரியும். சர்க்கரை, பிரஷர், பல புற்றுநோய் எல்லாத்துலயும் ஜீனுக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கு, அந்த வார்த்தையை அகலமா படிச்சா பாலிசியில மிச்சம் இருக்கிறது எலும்பு முறிவும் நாய்க்கடியும்தான்.